பழைய காரில் வீல் ஸ்டட் முறிந்தால்: டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. வீல் ஸ்டட் என்பது ஹப்பில் (சக்கரம் மாட்டும் சுழலும் குடத்தில்) இறுக்கி இறக்கிய மரைக் கம்பி; சக்கர நட் ஏறுவது இதில்தான். இதை மாற்றுவது அரை நாள் வேலைதான். அளவு பார்க்காமல் கிடைத்ததை மாட்டினால்தான் வேலை பெரிதாகிறது. அதனால் சுத்தியலைப் பற்றிச் சொல்வதைவிட வெர்னியரை (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கிறோம்.

நடுவழியில் ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது. வீடு வரை ஓட்டலாமா?

ஐந்து ஸ்டட் சக்கரத்தில் ஒன்று மட்டும் போயிருந்தால், மற்ற நான்கையும் முடுக்கிப் பார்த்துவிட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். நான்கு ஸ்டட் சக்கரத்தில் ஒன்று போனால் பிடிமானத்தில் கால்வாசி போய்விட்டது. ஆட்களையும் சாமானையும் இறக்கிவிட்டு மெதுவாக நகர்த்துங்கள், அதுவும் பட்டறை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் மட்டும். இரண்டு போயிருந்தால் நகர்த்தவே வேண்டாம். வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால் என்று போகும் கரைச் சாலைகளில் சக்கரம் கழன்றால் ஒதுங்க இடம் கிடையாது.

ஸ்டெப்னியை மாட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டட் இருப்பது ஹப்பில். சக்கரத்தை மாற்றினாலும் முறிந்த இடம் அங்கேயேதான் இருக்கும்.

ஸ்டட் தானாக முறியுமா? என்ன காரணம்?

தானாக முறிவது அபூர்வம். நட்டை முடுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. அந்த இழுப்புதான் டிஸ்கை (சக்கரத்தின் இரும்புத் தட்டை) ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. இழுப்பு குறைந்தால் டிஸ்க் அசையும், ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும். 15 அங்குலச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 சுற்று சுற்றுகிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் இருபதாயிரம் தடவை வளைந்திருக்கும். எந்த இரும்பும் இதை நெடுநாள் தாங்காது.

இழுப்பு குறைய நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. நடவு நாட்களில் கேஜ் வீல் (சேற்று வயலுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் சேற்றோடு சாலைக்கு ஏறும். அந்தச் சேற்றில் நின்று ஸ்டெப்னி மாற்றினால், டிஸ்குக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு படலம் களிமண் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு நட் கல் போல இறுகித்தான் தெரியும். இரண்டு நாளில் களிமண் காய்ந்து பொடியாகி உதிர்ந்ததும் நட்டில் இழுப்பே இருக்காது. ஈரத் துணியால் இரண்டு முகங்களையும் துடைத்துவிட்டு மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர் எதிரான காரணம், பஞ்சர் கடை ஏர் கன் (காற்றழுத்தத்தால் நட் முடுக்கும் கருவி). அளவுக்கு மீறி முடுக்கினால் ஸ்டட் நீண்டு, திரும்பச் சுருங்கும் குணத்தை இழந்துவிடும். அன்றைக்கு முறியாது, அடுத்த முறை கழற்றும்போது முறியும்.

எந்தக் காரணம் என்று முறிந்த துண்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, கருத்து, வாய்க்காலில் தண்ணீர் வடிந்த கரை போல அடுக்கடுக்கான கோடுகளோடு இருந்து, மீதி சொரசொரப்பாகப் பளிச்சென்று இருந்தால் அது நாள்பட்ட விரிசல். நட் தளர்ந்தே ஓடியிருக்கிறது. வழவழப்பான பகுதி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு காலம் எச்சரிக்கை கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறது. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டட் மெலிந்து, கழுத்து விழுந்து, நுனி கிண்ணம் போலக் குழிந்திருந்தால் அளவுக்கு மீறி முடுக்கியது. மரை முறுக்கேறிச் சாய்ந்திருந்தால், துருவில் பிடித்துக்கொண்ட நட்டைப் பலவந்தமாகத் திருகியது.

ஒன்றுதான் முறிந்தது. மற்றவற்றையும் மாற்ற வேண்டுமா?

நாள்பட்ட விரிசலாக இருந்தால் அந்த ஹப்பில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்று போன பிறகு அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்தவை பக்கத்தில் இருப்பவைதான். ஏர் கன்னால் முறிந்திருந்தாலும் அப்படியே. அதே கன்தான் மற்றவற்றையும் முடுக்கியது. துருப்பிடித்த நட்டைக் கழற்றும்போது ஒன்று மட்டும் முறுக்கி முறிந்தது என்றால், மற்றவற்றில் புது நட் கையாலேயே அடிவரை ஓடுகிறதா என்று பார்த்து விட்டுவைக்கலாம்.

டிஸ்கின் துளைகளையும் பாருங்கள். தளர்ந்து ஓடிய சக்கரத்தில் துளை முட்டை வடிவமாகியிருக்கும், நட் உட்காரும் சரிவு தேய்ந்திருக்கும். அந்த டிஸ்கை வைத்துக்கொண்டு புது ஸ்டட் போட்டால் அதுவும் முறியும்.

கடைக்குப் போகும் முன் என்னென்ன அளக்க வேண்டும்?

முழுசாக இருக்கும் ஸ்டட் ஒன்றைக் கழற்றி வெர்னியரில் அளங்கள். மரையின் வெளி விட்டம், மரை இடைவெளி, தலைக்குக் கீழ் மொத்த நீளம், தலைக்கு அடியில் பல் வெட்டிய பகுதியின் விட்டமும் நீளமும், தலையின் வடிவம். தலை முழு வட்டமா, ஒரு பக்கம் சீவியதா என்பது முக்கியம். சீவிய பக்கம் ஹப்பின் விளிம்பில் முட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். இவற்றோடு ஹப்பின் துளையையும் அளந்துகொள்ளுங்கள். பழைய ஸ்டட்டின் பல் நசுங்கியிருக்கும், அதன் அளவை மட்டும் நம்ப முடியாது. புது ஸ்டட்டின் பல் விட்டம் துளையைவிட 0.1 முதல் 0.3 மி.மீ. வரை பெரிதாக இருக்க வேண்டும். குறைந்தால் நட்டோடு சேர்ந்து சுற்றும். அதிகமானால் ஹப் விரிசல் விடும்.

மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க வடிவமைப்பில் வந்த வண்டிகளுக்கு அங்குல மரை. ஜீப்பில் அரை அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குல மரை): விட்டம் 12.7 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மி.மீ. ஹெரால்டில் 3/8 அங்குலம்: விட்டம் 9.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. மாருதி வண்டிகளில் எம்12 (மெட்ரிக் மரை, விட்டம் 12 மி.மீ.), இடைவெளி 1.25 மி.மீ. 1.27-க்கும் 1.25-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

விளைவு என்ன? அரை அங்குல நட் எம்12 ஸ்டட்டில் சுலபமாக ஏறிவிடும். மரை நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். 7/16 அங்குல ஸ்டட்டில் (விட்டம் 11.1 மி.மீ., இதற்கும் 20 மரைதான்) மாருதி நட் அதே மாதிரி ஏறும். இரண்டுமே முடுக்கும்போது இறுகுவதுபோல் இருந்து, ஓடும்போது மரை உரிந்து வந்துவிடும். எந்தப் பஞ்சர் கடை டப்பாவிலும் ஒரு கைப்பிடி அளவு மாருதி நட் கிடைக்கும் என்பதால் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். சோதனை எளிது: நட்டை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் அது உங்கள் வண்டி நட் இல்லை.

அம்பாசிடருக்கு ‘இதுதான் அளவு’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை ஓடிய மாடல். இடையில் எத்தனையோ கை மாறி, ஆக்சிலும் ஹப்பும் மாறிய வண்டிகள் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பதை அளப்பதே முடிவு.

லேத்தில் கடைந்து போட்டால் என்ன? வெல்டிங் வைத்தால்?

இரண்டும் வேண்டாம். ஸ்டட் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு, பலம் 10.9 என்ற உயர் பல போல்ட் தரத்தை ஒட்டி இருக்கும். பட்டறையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியைக் கடைந்தால் உருவம் வரும், பலம் பாதிகூட வராது. ஹார்டுவேர் கடை போல்ட்டின் தலையை இழைத்து மாட்டுவதும் இதே ரகம், அதில் பல்லும் கிடையாது. தலையை ஹப்போடு வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பதம் போய், வெல்டிங் ஓரம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முறிவதும் அந்த ஓரத்தில்தான்.

ஹப்பின் துளை தேய்ந்து அகன்றுவிட்டால் பல் விட்டம் ஒரு படி பெரிதான ஸ்டட் தேடுங்கள். லேத்காரரிடம் தர வேண்டிய வேலை அதுதான்: துளையைச் சரியான அளவுக்கு நேராகக் கடைந்து தருவது.

எங்கே கிடைக்கும்?

ஜீப்புக்கு தஞ்சாவூர், திருச்சி ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பழைய ஹப்பே முழுசாகக் கிடைக்கலாம், ஆனால் அதில் உள்ள ஸ்டட்டை அப்படியே ஓட்டாதீர்கள். தேவைக்கு மேல் இரண்டு ஸ்டட், நான்கு நட் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

ஜாக்கி, ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை, ஒரு கிலோ சுத்தியல், செம்பு அல்லது பித்தளைத் தடி, வெர்னியர், டார்க் ரென்ச் (எவ்வளவு முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்), கெட்டியான வாஷர் ஐந்தாறு, கம்பி பிரஷ். பிரஸ் இருந்தால் உத்தமம். டிராக்டர் பட்டறைகளில் பேரிங் அழுத்துவதற்கு வைத்திருப்பார்கள். ஹப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் பத்து நிமிட வேலை.

டெல்டா மண்ணில் வெறும் தரையில் ஜாக்கி வைக்காதீர்கள். மேலே காய்ந்து கட்டாந்தரை போலத் தெரியும், ஒரு மழை பெய்திருந்தால் உள்ளே களி. ஒரு முழ நீள அகலத்துக்குத் தடித்த பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியும் ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சுத்தியலால் அடிப்பது தற்கொலை.

முறிந்த ஸ்டட்டை எப்படி எடுப்பது?

சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஸ்டட் தலைக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று ஹப்பை மெல்லச் சுற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் பின்தட்டில் பள்ளமான ஓர் இடம் இருக்கும், பிரேக் ஷூவைக் கழற்றினால் அங்கே தலை வெளியே வர வழி கிடைக்கும். அப்படியென்றால் ஹப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஹப் வண்டியில் இருக்கும்போது ஓங்கி அடித்தால் பேரிங் உருளைகள் பாதையில் பள்ளம் போடும். அப்புறம் நாளெல்லாம் உறுமல் சத்தம்தான். இரண்டு மூன்று அடியில் வராவிட்டால் நிறுத்திவிட்டு ஹப்பைக் கழற்றுங்கள்.

முன் ஹப் என்றால் மூடி, ஸ்பிலிட் பின், நட், வாஷர், வெளிப் பேரிங் என்ற வரிசையில் வரும். எடுத்த வரிசையிலேயே பேப்பரில் அடுக்குங்கள். ஹெரால்டின் பின் ஹப் சரிவான ஷாஃப்டில் சாவியோடு (இரண்டையும் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) இறுகி உட்கார்ந்திருக்கும், அதற்குக் கனமான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கை வைக்காதீர்கள். சுத்தியலால் ஓரத்தில் அடித்துக் கழற்றினால் ஹப் விளிம்பு வளைந்து, பிறகு சக்கரம் ஆடும்.

கழற்றிய ஹப்பைக் கவிழ்த்து, ஸ்டட் தலைக்கு நேர் கீழே தலை உள்ளே போகும் அளவு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து அழுத்துங்கள். முட்டு தள்ளி இருந்தால் விளிம்பு வளையும்.

ஜீப்பில் டிரம்மும் ஹப்பும் ஒட்டிக்கொண்டு வருகின்றனவே?

பழைய ஜீப்புகளில் டிரம்மை ஹப்போடு சேர்த்துவைத்து ஸ்டட்டின் தோளை நசுக்கி விரித்திருப்பார்கள். அந்த விரிப்பைச் சீவி எடுக்காமல் ஸ்டட்டை அழுத்தினால், விரிந்த உலோகம் துளையை அறுத்துக்கொண்டு வரும், ஹப் வீணாகும். ஸ்டட்டைச் சுற்றிப் பொருந்தும் ஹோல் ஸாவால் (வட்டமாக அறுக்கும் ரம்பம்) விரிப்பை மட்டும் வெட்டிவிட்டு அழுத்துங்கள்.

புதியதை எப்படி இறக்குவது?

துளையைத் துடைத்து, பழைய பல் வரித்தடம் இருந்தால் புதிய பல்லை அதில் பொருத்தி நேராக வையுங்கள். பிரஸ்ஸில் அழுத்துவதே சரி. பிரஸ் இல்லையென்றால் வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே கொஞ்சம் கிரீஸ் தடவி, சரிவில்லாத தட்டை நட்டால் இழுக்கலாம். சக்கர நட்டையே திருப்பிப் போட்டு இழுத்தால் அதன் மரை கெடும். இழுக்கப் பயன்பட்ட நட்டைப் பிறகு சக்கரத்துக்குப் போடக் கூடாது. ஏர் கன்னால் இழுக்காதீர்கள். தலை உட்கார்ந்ததும் கைக்குத் திடீரென்று கட்டை தட்டியதுபோல் தெரியும், அங்கே நிறுத்துங்கள். தலைக்கு அடியில் சிகரெட் தாள்கூட நுழையக் கூடாது. நுழைந்தால் இன்னும் உட்காரவில்லை. ஓட ஓட உட்கார்ந்து நட் தளரும்.

முன் ஹப்பில் டேப்பர் ரோலர் பேரிங் இருந்தால், சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, பிறகு நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு பின்வாங்கிப் புது ஸ்பிலிட் பின் போடுவது பொது வழக்கம். இம்மியளவு ஆட்டம் இருக்க வேண்டும். பழைய பின்னை மறுபடி போட வேண்டாம்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது. சக்கரமே வரவில்லை.

துளையில் பல் தேய்ந்துவிட்டது. மற்ற நட்டுகளை எடுத்துவிட்டு, டிஸ்குக்குப் பின்னால் நெம்புகோல் கொடுத்து வெளியே இழுத்துப் பிடித்துத் திருகினால் சில நேரம் வரும். வராவிட்டால் ஸ்டட் நுனியில் நடுப்புள்ளி வைத்து, முதலில் 4 மி.மீ., பிறகு பெரிய பிட் என்று நட் உயரத்துக்குத் துளையிட்டு, மீதியை உளியால் பிளக்கலாம். கிரைண்டர் வைத்தால் டிஸ்க் காயப்படும், டயர் பக்கத்தில் தீப்பொறி வேறு.

இடது பக்க நட் எவ்வளவு திருகியும் கழலவில்லை.

இடது மரையாக இருக்கலாம். பழைய ஜீப்புகளிலும் 1970 வரையிலான டாட்ஜ், பிளிமத் கார்களிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. ஸ்டட் நுனியில் ஆங்கில ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பாருங்கள். தெரியாமல் நீளக் குழாய் மாட்டித் திருகித்தான் பல ஸ்டட்கள் முறிகின்றன. யாராவது ஒருவர் இடையில் வலது மரைக்கு மாற்றியிருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு முடுக்க வேண்டும்? டார்க் ரென்ச் இல்லையென்றால்?

கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. ஒரு சுமாரான அளவு சொன்னால், 3/8 அங்குல ஹெரால்டுக்கு 55 நியூட்டன் மீட்டர், அரை அங்குல ஸ்டட்டுக்கு 100-ஐ ஒட்டி. ஆல்டோவுக்கு வைக்கும் 85-ஐ ஹெரால்டில் வைத்தால் ஸ்டட் இழுபட்டுவிடும்.

டார்க் ரென்ச் இல்லையா, மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு போதும். நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 செ.மீ. தள்ளி ஸ்பானர் பிடியில் கொக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். 11 கிலோ காட்டினால் 54 நியூட்டன் மீட்டர், 20 கிலோ காட்டினால் 98. கால் வைத்து ஏறி மிதிப்பது அளவே இல்லை. 70 கிலோ ஆள் அதே 50 செ.மீ.யில் ஏறி நின்றால் 340-ஐத் தாண்டும்.

சக்கரம் தூக்கிய நிலையில் எதிரெதிராக மெல்ல முடுக்கி, தரையில் இறக்கிய பிறகு முழு அளவுக்கு முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், ஹப் ஆறிய பிறகு, மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. ஸ்டட்டில் கிரீஸ் தடவலாமா?

மரைக்கும் நட் உட்காரும் சரிவுக்கும் வேண்டாம். கையேட்டு எண்கள் காய்ந்த மரைக்கானவை. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே முடுக்கத்தில் ஸ்டட் கணிசமாக அதிகம் இழுபடும். கிரீஸை ஹப்பின் நடு வளையத்தில், டிஸ்க் பொருந்தும் இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். உப்புக் காற்றுக்கு மருந்து வேறு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுவது. ஷெட்டிலேயே நிற்கும் வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

முகூர்த்தத்துக்கு ஓடும் வண்டி. பளபளப்பான மூடி நட் போட்டிருக்கிறோம், டிஸ்குக்கும் புதுப் பெயின்ட். பரவாயில்லையா?

மூடிய நட்டில் ஸ்டட் நுனி உள்ளே முட்டிக்கொண்டால் நட் இறுகிவிடும், சக்கரம் இறுகாது. மாட்டும் முன் நட்டுக்குள் சிறிது களிமண் உருண்டை வைத்து முடுக்கிக் கழற்றுங்கள். களிமண் முழுக்க நசுங்கியிருந்தால் அந்த நட் ஆகாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மரை போதாமல் நுனியில் மட்டும் பிடிப்பது. சக்கரம் மாட்டிய பிறகு அரை அங்குல நட் குறைந்தது பத்துச் சுற்றும், 3/8 அங்குல நட் ஒன்பது சுற்றும் ஏற வேண்டும், எண்ணிப் பார்த்துவிடலாம்.

பெயின்ட் தடிமனாக இருந்தால் களிமண் படலம் செய்யும் அதே வேலையைச் செய்யும். நட் உட்காரும் சரிவிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெளியே யாருக்கும் தெரியாத இடம்தான்.

எங்கள் வண்டியில் ஸ்டட்டே இல்லை, போல்ட்தான் இருக்கிறது.

வோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றில் அப்படித்தான். போல்ட் முறிந்தால் மீதித் துண்டு டிரம்முக்குள் மாட்டியிருக்கும். பின்னாலிருந்து நுனி தெரிந்தால் பிளையரால் உள்பக்கமாகவே திருகி எடுக்கலாம். தெரியாவிட்டால் நடுவில் துளையிட்டு இடது மரை எக்ஸ்ட்ராக்டர் (உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவி) போட்டு எடுக்க வேண்டும். டிரம்மின் மரை கெட்டிருந்தால் டிரம்மை மாற்றிவிடுங்கள்.